உப்பு போகாமல் துரு போகாது

கும்மிடிப்பூண்டி இரும்பு காய்ச்சும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ள உருக்காலைகளும் ரோலிங் மில்களும் பழைய இரும்பை உருக்கி, கட்டடக் கம்பியாக இழுத்து, இரவு பகலாக லாரியில் ஏற்றுகின்றன. கம்பி புதுசு. அதைச் சுமக்கிற லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் வேறு கதை. சேஸிஸின் கீழ் விளிம்பில் துரு செதில் செதிலாகக் கிளம்பி நிற்கிறது. விரலால் நெருடினால் பலகாரம்போல் உதிர்கிறது. அதன் மேல் போன எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) அடித்த கறுப்புப் பெயின்ட்டின் பளபளப்பு இன்னும் போகவில்லை.

லாரி மட்டுமல்ல. பழவேற்காட்டிலிருந்து விடியற்காலையில் மீனும் நண்டும் ஏற்றி வரும் குட்டியானை மினி லாரிகள், ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டி மீஞ்சூர், பொன்னேரித் தெருக்களில் மீன் விற்கும் எக்ஸ்.எல். மொபெட்டுகள், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேன்கள், அப்பா காலத்து புல்லட்டுகள் என்று இந்த வட்டாரத்தில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினுக்கு முன்னால் சாவது சேஸிஸ்தான். இன்ஜினைப் பிரித்துப் போடலாம், டயரை மாற்றலாம். சேஸிஸ் போனால் வண்டி போயிற்று. மாதத் தவணை மட்டும் மிச்சம் இருக்கும்.

இதைத் தள்ளிப்போட முடியும், அதுவும் வீட்டு வாசலிலேயே. ஆனால் எந்தப் பெயின்ட் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அது இரண்டாவது கேள்வி. பூசுவதற்கு முன்னால் அந்த இரும்பிலிருந்து உப்பை எப்படி எடுப்பது என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவை வாங்கினாலும் காசு வீண்.

காற்றிலும் உப்பு, போர் தண்ணியிலும் உப்பு

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். இவை எல்லா ஊரிலும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இவற்றோடு உப்பும் சேர்கிறது. உப்பு செய்கிற கெடுதல் இரண்டு. முதலாவது, அது இரும்பை உலரவே விடாது. சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கும். மழை பெய்யாத நாளிலும், வண்டி ஷெட்டில் நின்றாலும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கெடுதல் இன்னும் மோசம். உப்பிலுள்ள குளோரைடு துருவுக்கு அடியில், இரும்பில் விழுந்த சிறு குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ஈரம் பட்டால் அமிலத்தன்மை உண்டாகி இரும்பு கரையும். குளோரைடோ செலவாவதில்லை, மறுபடி அதே வேலையைச் செய்ய அங்கேயே காத்திருக்கும். மேலே பெயின்ட் அடித்தால் அதைக் குழிக்குள் வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும்.

கடலிலிருந்து உள்ளே தள்ளிப் போகப் போகக் காற்றில் உப்பு வேகமாகக் குறையும். திருத்தணிப் பக்கம் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. கும்மிடிப்பூண்டி ஊருக்குள்ளும் எண்ணூர் அளவுக்கு உப்புக்காற்று கிடையாது. ஆனால் வண்டி ஊருக்குள்ளேயே நிற்பதில்லையே. எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அத்திப்பட்டு, பழவேற்காடு என்று போய் உப்பை அடியில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிப் புகையில் கந்தகம் இருக்கிறது. சாலையில் சிந்தும் சாம்பல், மழையில் சேறாகிச் சேஸிஸின் உள்பக்கத்தில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இரும்புக் கட்டமைப்புகளுக்குப் பூச்சு போடுவது பற்றிய சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 12944, அரிப்பின் கடுமையைப் பொறுத்து இடங்களைச் சி1-இலிருந்து சி5 வரையும் அதற்கும் மேலே கடல் நடுவில் உள்ளவற்றைத் தனி வகையாகவும் பிரிக்கிறது. கடற்கரையும் தொழிற்சாலைப் புகையும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குச் சி5. எண்ணூர் - மீஞ்சூர்ப் பாதையில் ஓடும் வண்டியை அந்த வகையில் வைத்துக் கவனிப்பதே பத்திரம்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் போவது, நாமே கையால் ஊற்றுகிற உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் 1960-களிலிருந்தே நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளில் பல கிராமங்களின் போர் தண்ணி வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில்தான் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் திறக்கப்பட்டது. குடிக்க அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, வண்டி கழுவ நம்மிடம் இருப்பது போர் தண்ணி. வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷரோடு அடிப்பதும் பெரும்பாலும் அதையே. போதாததற்கு, வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் பிடித்து வைத்து வண்டி கழுவுகிற பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது. தரையைக் கழுவுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

துரு உட்காரும் இடங்கள்

சேஸிஸ் முழுக்க ஒரே மாதிரி அரிப்பதில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் அரிக்கும், காற்றாடும் இடத்தில் தாங்கும். மீன் ஏற்றும் குட்டியானையைப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஐஸ் உருகி, மீன் உப்போடு கலந்து, தொட்டிப் பலகையின் இடுக்கு வழியாகச் சொட்டுகிறது. சொட்டும் நீர் நேராக மண்ணில் விழுவதில்லை. தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஓடி, குறுக்குச் சட்டத்தின் மேல் தேங்கி, போல்ட் ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது. வெளிப்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட்டுக்கு மேலே, கை நுழையாத இடத்தில், தகடு காகிதமாகி இருக்கும்.

லாரியில் அந்த வேலையை மரக்கட்டை செய்கிறது. பாடி கட்டும்போது சேஸிஸுக்கும் தொட்டிக்கும் நடுவில் நீளமாக மரம் வைப்பார்கள். வண்டி குலுங்குவதைத் தாங்க அது வேண்டும்தான். ஒரு மழை நனைந்தால் அந்த மரம் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். ரிவெட் அடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தகடுகளின் நடுவே துரு புகுந்தால் வேறு ஆபத்து. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளே வளர வளரத் தகடுகளைப் பிரித்துத் தள்ளி ரிவெட்டையே இழுத்து அறுக்கும்.

குழாய் ஃபிரேம் உள்ள மோட்டார் சைக்கிள்களில் சென்டர் ஸ்டாண்டைச் சுற்றிய அடிக்குழாய், எக்ஸ்.எல்.-இல் பின்சக்கரத்துக்கு மேல் கேரியர் பற்றவைத்த இடம், ஜீப்பிலும் பொலேரோவிலும் சக்கர வளைவுக்குப் பின்னால் வரும் பகுதி ஆகியவற்றை முதலில் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பெட்டிச் சட்டங்களுக்குள் புகுந்த சேறு, யாரும் கழுவாததால், இன்றும் சிலவற்றில் அப்படியே இருக்கும். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வந்தது ஊரறிந்தது.

பார்ப்பதைவிடத் தட்டிப் பார்ப்பதே மேல். சிறு சுத்தியலை எடுத்துச் சேஸிஸ் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் மொத்தையாக விழும், செதில் கொட்டும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினாலோ, வெல்டிங் ஓரத்தில் முடி கனத்துக்கு விரிசல் தெரிந்தாலோ, அன்றே வேலையை நிறுத்திவிட்டு, சேஸிஸ் வேலை தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். அது பூச்சால் தீரும் காரியமல்ல. ஸ்டீயரிங் பாக்ஸ், ஸ்பிரிங் பிராக்கெட் பக்கம் ஓட்டை விழுந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

எஃப்.சி.க்கு முதல் நாள்

வாடகை வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். சோதனைக்கு முதல் நாள் நடப்பதை இந்த வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காலையில் வாட்டர் வாஷ். மதியம் வெயிலில் அரைகுறையாகக் காய்ந்த சேஸிஸ் மேல் தின்னர் கலந்த கறுப்புப் பெயின்ட் ஸ்பிரே. சாயங்காலம் வண்டி புதுசுபோல் நிற்கும். துருவின் மேலேயே, சேற்றின் மேலேயே, சில சமயம் கிரீஸின் மேலேயே அடித்த பெயின்ட் அது. ஆறு மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பும், கொப்புளத்துக்குள் தண்ணீர் நிற்கும். சோதனை செய்பவர் கண்ணிலிருந்தும் சொந்தக்காரர் கண்ணிலிருந்தும் நோயை மறைப்பதைத் தவிர அது செய்யும் வேலை ஏதும் இல்லை. அடிக்காமலே விட்டால் துருவாவது கண்ணுக்குத் தெரியும் என்பது என் கருத்து.

பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடியில் அடிப்பது இன்னொரு வழக்கம். எண்ணெய் ஈரத்தைத் தடுக்கும் என்ற எண்ணம் தவறல்ல. கனடாவில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெல்லாம் உப்புக் கொட்டுவதால், டொரன்டோத் தமிழர்களும் வருடா வருடம் காருக்கு அடியில் துருத் தடுப்பு எண்ணெய் அடித்துக்கொள்கிறார்கள். அது அதற்கென்றே செய்த எண்ணெய். ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் எரிந்த எரிபொருளின் அமிலமும் உலோகத் துகளும் இருக்கின்றன. ரப்பர் புஷ்கள் உப்பிப்போகும், சொட்டுகிற எண்ணெய் வீட்டு வாசல் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். சட்டப்படியே அது அபாயகரக் கழிவு.

மூன்றாவது, கார் டெலிவரி எடுக்கும்போதே கூடுதல் காசுக்கு விற்கிற ரப்பர் மாதிரியான கனத்த அடிப்பூச்சு. புது வண்டியில், சுத்தமான தகட்டில் அடித்தால் கல் தெறிப்பதைத் தாங்கும். சில வருடம் ஓடிய வண்டியில் துருவின் மேல் அப்பினால், ஒரு ஓரம் பிரிந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும்.

பெரிய நிறுவனங்களே இந்த விஷயத்தில் சிக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டுன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் ஃபிரேமுக்குத் துருத் தடுப்புப் பூச்சு சரியாகப் போடவில்லை என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைச் சோதித்துத் தேவையானவற்றுக்கு ஃபிரேமையே மாற்றித் தர 2016 நவம்பரில் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. அங்கே வழக்குப் போட ஆள் இருந்தார்கள். இங்கே குட்டியானைக்காரர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டு வாசலில்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை தோதான காலம். எக்ஸ்.எல்., புல்லட் என்றால் ஒரு வார விடுமுறையில் முடியும். குட்டியானை, ஜீப் என்றால் இரண்டு மூன்று வாரக் கடைசிகள் வேண்டும். வண்டி சோறு போடுகிற வண்டியாக இருந்தால், அத்தனை நாள் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் முடித்து, அடுத்த வாரம் மறு பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உயிர் முக்கியம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். சமதளமான கெட்டித் தரை, நான்கு இரும்பு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எல்லாம் இருந்தால்தான் அடியில் போகலாம். ஹாலோபிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது மரணத்துக்கு வழி, எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி வேலை செய்யும்போது லுங்கி, தோளில் துண்டு கூடாது. சுழலும் பிரஷ் துணியைப் பிடித்து இழுத்தால் கையும் சேர்ந்து போகும். கண்ணாடி, தூசு மாஸ்க் கட்டாயம். பழைய லாரிப் பெயின்ட்களில் ஈயம் இருந்திருக்க வாய்ப்புண்டு. 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு வந்தது, ஆனால் அது தொழிற்சாலை, வாகனப் பெயின்ட்டுக்குப் பொருந்தாது. ஆகவே சுரண்டும் தூசு பறக்கும் இடத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

இப்போது கழுவல். முதலில் டிடர்ஜென்ட் போட்டுச் சேறு, கிரீஸ் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கிரீஸ் இருக்கும்போதே தேய்த்தால் அதை இரும்புக்குள் தேய்த்து ஏற்றுவதாகிவிடும். பிறகு உளியும் சுத்தியலும் கொண்டு செதிலைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, கடைசியில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் கையால் தேயுங்கள். கம்பி பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்வது பலரும் செய்யும் பிழை. அது துருவையே மெருகேற்றிப் பளபளக்க வைத்துவிடும். பார்க்கச் சுத்தமான இரும்பு மாதிரி தெரியும், பூச்சு பிடிக்காது. உப்புத்தாள் கீறல் போட்டால்தான் பெயின்ட் கடித்துப் பிடிக்கும்.

அடுத்து வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. நல்ல தண்ணீர் வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர், கடைசிக் கட்டத்துக்கு ஒரு கேன் குடிநீர். கேன் தண்ணீர் வியாபாரிகள் வைத்திருக்கும், கரைந்த உப்பை அளக்கும் சிறு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஊற்றும் தண்ணீரை முதலில் அளந்து எழுதி வையுங்கள். சுரண்டிய இடத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, வழிந்து வருவதை ஒரு கிண்ணத்தில் பிடித்து அதையும் அளங்கள். ஊற்றியது 150, வழிந்தது 600 என்றால் இரும்பில் இன்னும் உப்பு இருக்கிறது. இரண்டு எண்களும் நெருங்கி வரும்வரை கழுவுங்கள். கப்பல் தளங்களில் பிரெஸ்ல் ஒட்டுப்பட்டை என்ற முறையில் இதையே துல்லியமாகச் செய்வார்கள். நம் தேவைக்கு மீட்டரும் கிண்ணமும் போதும்.

அதன் பிறகு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் பார்த்தால் சில இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுத்து, வியர்த்ததுபோல் ஈரம் தெரியும். உப்பு ஒளிந்திருக்கும் குழிகள் அவை. அந்த இடங்களை மட்டும் மறுபடி சுரண்டி, மறுபடி கழுவுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பூச்சு ஒரு வருடம் நிற்பதும் ஐந்தாறு வருடம் நிற்பதும் இந்த ஒரு காலைப் பொழுதில்தான் முடிவாகிறது. துரு சீக்கிரம் போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு போகும், குளோரைடு வந்து உட்காரும். எந்த உப்பை எடுக்கப் பாடுபட்டோமோ அதையே பாட்டிலில் வாங்கி ஊற்றுவது அது.

எவ்வளவு தேய்த்தாலும் குழிக்குள் கெட்டியாக ஒட்டிய துரு கொஞ்சம் மிஞ்சும். அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கடையில் கிடைக்கும் திரவம். அதில் பாஸ்பாரிக் அமிலம், டானிக் அமிலம் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். எல்லைக்கு அப்பால் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வேலைக்காரர்கள் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, இரும்புத் துண்டும் வெல்லமும் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பது இதே வேதியியல்தான். மெல்லப் பூசுங்கள். செம்மண் நிறம் நீலக் கறுப்பாக மாறினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். உதிரும் துருவின் மேலும், துருவே இல்லாத பளபளப்பான இரும்பின் மேலும் இதற்கு வேலை இல்லை.

பிரைமருக்குப் பழக்கமான ரெட் ஆக்சைடை எடுக்காதீர்கள். ஜன்னல் கம்பிக்குச் சரி, இந்த வட்டாரத்துச் சேஸிஸுக்குப் போதாது. ஜிங்க் பாஸ்பேட் கலந்த இரண்டு டப்பா எபாக்சி பிரைமர் வாங்குங்கள், பெரிய பெயின்ட் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் போட்ட விகிதப்படி அளந்து கலக்க வேண்டும், கண்மதிப்பு கூடாது. கலந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், நம் வெயிலில் அந்த நேரம் இன்னும் குறையும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். காற்று ஈரத்தால் இறுகும் யூரித்தேன் வகைப் பூச்சுகளும் உண்டு, மிகக் கெட்டியானவை. ஆனால் அவற்றில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவழைக்கும். வீட்டில் ஸ்பிரே அடிக்கவே கூடாது, பிரஷ்ஷும் ரசாயன வாயு வடிகட்டும் மாஸ்க்கும் இருந்தால் மட்டும் தொடலாம். துத்தநாகத் தூள் நிறைந்த குளிர் கால்வனைசிங் பெயின்ட், பிளாஸ்டிங் செய்த வெற்று இரும்பில் மட்டுமே வேலை செய்யும், வீட்டில் தேய்த்த சேஸிஸுக்கு ஒத்துவராது.

எப்போது பூசுவது? காலைப் பனி காய்ந்த பிறகு, மதியம் கடல்காற்று இறங்குவதற்குள். இரும்பின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்துப் பாருங்கள், கால் மணி நேரத்துக்குள் உலர்ந்தால் பூசலாம். நேர் வெயிலில் கை வைக்க முடியாமல் சுடுகிற இரும்பிலும் பூசக் கூடாது, கொப்புளிக்கும்.

விளிம்பு, போல்ட் தலை, வெல்டிங் ஓரம் ஆகியவற்றுக்கு முதலில் சிறு பிரஷ்ஷால் தனியாக ஒரு கை பூசுங்கள். ஈரப் பெயின்ட் கூர்மையான விளிம்பை விட்டு விலகிப் படியும் என்பதால் துரு எப்போதும் அங்கிருந்துதான் திரும்ப ஆரம்பிக்கும். அதன் பிறகு மொத்தமாக இரண்டு கை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தலைமுடி கனத்துக்கு இருந்தால் சரி. எபாக்சி வெயிலில் சுண்ணாம்பாகப் பொடியும். சேஸிஸ் அடியில் அது பிரச்சினை இல்லை, புல்லட் ஃபிரேமுக்கு மேலே பாலியூரித்தேன் கறுப்பு ஒன்று வேண்டும். பிரேக் டிஸ்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், கிரீஸ் நிப்பிள், சைலன்சர் எல்லாவற்றையும் டேப்பும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடிவிடுங்கள். சேஸிஸில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு குச்சி செருகி வையுங்கள். அவை அடைபட்டால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

பெட்டிச் சட்டம், குழாய் ஆகியவற்றின் உள்பக்கம் பிரஷ் போகாது. அங்கே பெயின்ட்டை மறந்துவிடுங்கள். ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் விட்டுச் சேற்றை வெளியேற்றி, பல நாள் உலரவிட்டு, நீளக் குழலோடு வரும் கேவிட்டி வேக்ஸ் அடியுங்கள். அது இடுக்கில் ஊர்ந்து பரவி, இறுகாமல் மெழுகாகவே நிற்கும். வருடம் ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

அந்த எண்ணைத் தொடாதீர்கள்

சேஸிஸில் அடித்திருக்கும் எண் இருக்கிறதே, அதன் மேல் கிரைண்டர் படவே கூடாது. லாரியில் வலப்பக்கச் சட்டத்தின் முன்பகுதியிலும், இருசக்கர வண்டியில் ஹேண்டில் கழுத்துப் பக்கமும் பெரும்பாலும் இருக்கும். ஆர்.சி.யைப் பார்த்து எண்ணைத் தேடிப் பிடித்து, வேலை தொடங்கும் முன்பே போட்டோ எடுத்து, அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த இடத்தைக் கையால் மட்டும், மெல்லிய உப்புத்தாள் வைத்துச் சுத்தம் செய்து, பெயின்ட் பூசாமல் கிரீஸ் மட்டும் தடவி வையுங்கள். தனியார் வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது பென்சில் பிரின்ட் எடுத்துச் சரிபார்ப்பார்கள். எண் தேய்ந்தோ பெயின்ட்டில் மூழ்கியோ இருந்தால் நேர்மையான ஆளும் திருட்டு வண்டிக்காரர்போல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

நம்மிடமே இருக்கும் அறிவு

துருவைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தமிழ்நாடு வெளியே போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். மண்டபத்தில் கடலோரம் இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டு அரிப்பை அளந்தவர்கள், இந்தியாவுக்கே துரு வரைபடம் போட்டவர்கள் அவர்கள். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கடற்காற்றில் நிறுத்தியது ஓயாத பராமரிப்பு. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்கு பாலிசிலாக்ஸேன் பூச்சும், காங்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் போட்டிருக்கிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைகூடக் கழிவறைத் தண்ணீரால் பெட்டியின் அடிச்சட்டம் அரிப்பதோடு பல பத்தாண்டுகள் போராடி, கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்.எச்.பி. பெட்டிகளுக்கு மாறியது.

பாலத்துக்கும் ரயிலுக்கும் கிடைத்த இந்த அறிவு பழவேற்காட்டு மீன் வண்டிக்கு வந்து சேரவில்லை என்பதே என் மனக்குறை. வந்து சேரப் பெரிய திட்டம் தேவையில்லை. மீன் இறங்குதளத்திலும், சிப்காட் லாரி நிறுத்தத்திலும், துறைமுகம் போகும் சாலையிலும் வண்டியின் அடிப்பாகத்தை உப்பில்லாத தண்ணீரால் கழுவ ஒரு மேடை வேண்டும், அவ்வளவுதான். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்க முடியாது. சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. உப்பு நீக்கிய அந்தத் தண்ணீர் வண்டி கழுவ மிகப் பொருத்தமானது. கட்டணம் வைத்துக்கூடக் கொடுக்கலாம். ஒரு சேஸிஸ் வெல்டிங் செலவோடு ஒப்பிட்டால் எந்த வண்டிக்காரரும் கொடுப்பார்.

அது வரும்வரை நாமே செய்துகொள்ளக்கூடியது இது. கடற்கரைப் பக்கம் போய் வந்த ஒவ்வொரு வாரமும் அடியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர், மீன் வண்டி என்றால் தினமும். பொங்கலுக்கு முன் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை டார்ச் அடித்து விளிம்புகளையும் ஸ்பிரிங் பிராக்கெட்டுகளையும் பாருங்கள். நகக்கண் அளவுக்குப் பூச்சு உடைந்து பழுப்பு தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, உலர்த்தி, பிரைமர் தொட்டு வையுங்கள். அரை மணி நேர வேலை. மிச்சமான எபாக்சியின் இரண்டு டப்பாக்களையும் தனித்தனியே இறுக மூடி நிழலில் வைத்திருந்தால், அதற்கு அதுவே போதும்.